அலாரம் மட்டும் அடிச்ச போன்

ரெண்டு வாரமா ஒண்ணும் எழுதலை. மஞ்சள் வேகவைக்கற வேலையில இருக்கான்னு நெனச்சிருப்பீங்க. அதுவும்தான். ஆனா நிசமான காரணம் வேற. என்ற போன் போயிடுச்சு.

போயிடுச்சுன்னா முழுசாப் போகலை. அதுதான் கூத்து. காலைல நாலரைக்கு அலாரம் அடிக்குது. எங்க பக்கம் விடியறதுக்கு முன்ன திரீ பேஸ் கரண்ட் வந்துடும், மோட்டார் போடறதுக்காக வெச்ச அலாரம். எந்திரிச்சு கை நீட்டி எடுத்தா கண்ணாடி கன்னங்கரேல்னு இருக்கு. அமுக்கினாலும் நிக்கலை, தடவினாலும் நிக்கலை. "ஏனுங்க, அந்தச் சனியனை நிறுத்துங்க, அத்தை முழிச்சுக்குவாங்க"ன்னு சம்சாரம் ஒரு பக்கம். கடைசியில பக்கவாட்டுல இருக்கற சத்தம் குறைக்கற பொத்தானை அமுக்கினேன், நின்னுச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடியும் அடிச்சுது.

என்ன ஆச்சுன்னா, முந்தின நாள் சாயங்காலம் கட்டுத்தரையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். போனைத் தண்ணித் தாழி விளிம்புல வெச்சேன். வெக்கக் கூடாத இடம்னு தெரியும், இருபது தடவை வெச்சு ஒண்ணும் ஆகலையேன்னு ஒரு தைரியம். செவலைக் கன்னு தலையை ஆட்டிட்டு வந்துச்சு, போன் கீழ கல்லு மேல. தண்ணிக்குள்ள விழுந்திருந்தாக்கூடத் தேவலைன்னு அப்புறம் தோணுச்சு. கண்ணாடி சிலந்தி வலையாட்டம் விரிசல் விட்டுச்சு. வெளிச்சம் ஒரு தடவை மின்னுச்சு, அவ்வளவுதான்.

போன் போனா வேற வாங்கிக்கலாம். மஞ்சள் போட்ட காசு வந்தா வாங்கலாம். ஆனா அதுக்குள்ள எங்க ஆத்தா இருந்துச்சு.

பழைய வாசகருங்களுக்குத் தெரியும், கவலை ஓட்டினது, கம்பு இடிச்சது, பஞ்சத்துல எதைத் தின்னாங்க இதெல்லாம் நான் எழுதினது எனக்குத் தெரிஞ்சு எழுதினதில்லை. எல்லாம் ஆத்தா சொன்னது. சாயங்காலத்துல திண்ணையில உக்காந்து வெத்தலை இடிக்கறப்ப, பக்கத்துல போனை வெச்சு ரெக்கார்டரைப் போட்டு விட்டுருவேன். ரெண்டு வருசமா அப்படி. பவானிசாகர் அணை 1955ல கட்டி முடிஞ்சுதுங்க. எங்க பக்கத்து வாய்க்கால்ல மொத மொதல்ல தண்ணி வந்தப்ப ஆத்தாளுக்குப் பத்துப் பதினொரு வயசு. தண்ணிக்கு முன்னாடி நொரையும் சருகும், எலியும் பாம்பும் ஓடி வந்துச்சாம், அதுக்கு முன்னாடி பொடிசுங்க கத்திட்டு ஓடுச்சாம். இதை அது சொல்ற மாதிரி என்னால எழுத முடியலை. எழுதினதைப் படிச்சுக் காட்டினா, "நான் சொன்னதைப் பூரா இஸ்திரி போட்டு வெச்சிருக்கியே சாமி"ன்னு சிரிக்கும்.

போன ஐப்பசியில ஒரு நாள் காலைல ஆத்தாளுக்கு வலது கை விழுந்துச்சு. வாய் ஒரு பக்கம் கோணுச்சு. பத்து நாள் ஆஸ்பத்திரி. கால் வந்துச்சு, கையும் பாதி வந்துச்சு. பேச்சு வரலை. நாம பேசறது எல்லாம் புரியுது. தலையாட்டும், இடது கையால சைகை காட்டும், சில நேரம் "ம்மா... ம்மா"ன்னு ஏதோ சொல்ல வந்து, வராமப் போயி, கோவத்துல முகத்தைத் திருப்பிக்கும். அதுக்கப்புறம் அந்த ரெக்கார்டுகளை நான் தொறக்கவே இல்லை. இருக்குதுன்னு மட்டும் தெரியும். பொட்டியில நகை இருக்கற மாதிரி.

இப்ப பொட்டி இருக்கு, சாவி ஒடைஞ்சு போச்சு.

டவுனுக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் நல்ல மனுசன்தான், உள்ளதைச் சொன்னார். மாடல் பழசு, டிஸ்ப்ளே ஸ்டாக் இல்லை, வரவழைக்கப் பத்து நாள் ஆகும். விலை போன் விலையில பாதிக்கு வரும். பேட்டர்னை எழுதிக் குடுத்துட்டுப் போகணும். "உள்ள இருக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லைங்க"ன்னு சீட்டுல அச்சடிச்சே வெச்சிருக்காங்க. கையெழுத்துப் போடப் போனவன் போடாம வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல மகளோட பழைய லேப்டாப் இருக்கு. 2011ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சாங்களே, ப்ளஸ் டூ படிக்கற பிள்ளைங்களுக்கு இலவச மடிக்கணினி, அதுல வந்தது. மக கட்டிக்குடுத்துத் திருப்பூர் போயிட்டா. பொட்டி என்கிட்ட நின்னுச்சு. பேட்டரி செத்து வருசமாச்சு, சுவத்துல சொருகி வெச்சிருக்கற வரைக்கும் ஓடும், கரண்ட் போனா அதுவும் போயிடும். உங்களுக்கு எழுதறது பூரா அதுலதான்.

போன் சார்ஜர் வயரை எடுத்து லேப்டாப்புல சொருகினேன். ஒண்ணும் காணோம். சார்ஜ் மட்டும் ஏறுது. வேற வயரை மாத்திப் போட்டேன். இப்ப போன் பேரு வந்துச்சு. தொறந்தா உள்ள காலி. ஒரு பைல் இல்லை, ஒரு போட்டோ இல்லை. அந்த நிமிசம் எனக்கு உள்ளங்கை வேர்த்துப் போச்சுங்க. எல்லாம் அழிஞ்சு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

அழியலை. அது அப்படித்தானாம், அப்புறம் தெரிஞ்சுது. ஆண்ட்ராய்டு போன் கம்ப்யூட்டர்ல சொருகினா மொதல்ல "சார்ஜ் மட்டும்"னுதான் நிக்கும். பூட்டைத் தொறந்து, மேலருந்து இழுத்து, "பைல் டிரான்ஸ்பர்"னு நாம அமுக்கினாத்தான் உள்ள இருக்கறதைக் காட்டும். திருடன் எடுத்துட்டுப் போயி சொருகினா எல்லாத்தையும் அள்ளிடக் கூடாதுன்னு வெச்ச காவல். நல்ல காவல்தான். ஆனா கண்ணாடி ஒடைஞ்சா சொந்தக்காரனும் அதுக்குத் திருடன்தான். அமுக்கறதுக்குக் கண்ணாடி வேணும், கண்ணாடிதான் இல்லை.

அப்புறம் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். இன்டர்நெட்டுல தேடினா "ஒடைஞ்ச போன்ல இருந்து மீட்டுத் தர்றோம், இலவசம்"னு ஒரு மென்பொருள். பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தர்கிட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கு, அங்க போயி எறக்கினேன். அது அரை மணி நேரம் சுத்திச் சுத்தித் தேடற மாதிரி காட்டிட்டு, பணம் கட்டினா எடுத்துத் தர்றோம்னு சொல்லுச்சு. எவ்வளவுன்னு பார்த்தா நான் ஒரு நாள் ஆள் கூலி குடுக்கறதுல பல மடங்கு. என்ன கண்டுபிடிச்சேன்னும் சொல்லலை. முட்டாள்தனம்னு சொன்னது எறக்கினதை இல்லை, கட்டலாம்னு ஏடிஎம் கார்டைத் தேடினதை.

சம்சாரம்தான் சொன்னா, "அந்த அம்மிணிகிட்டக் கேளுங்க"ன்னு.

அம்மிணின்னா எங்க பங்காளி மக. கோயமுத்தூர்ல என்ஜினீயரிங் படிக்குது, ஹாஸ்டல். போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் லீவுல வந்தப்ப என்ற லேப்டாப் ஊர்ந்து ஊர்ந்து தொறக்கறதைப் பார்த்துட்டு, "பெரியப்பா, இதைக் குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போயி, விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுத்துச்சு. இந்த அரசு லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒண்ணும் புதுசில்லைங்க. குடுக்கறப்பவே விண்டோஸோட பாஸ் லினக்ஸுன்னு, நம்ம சி-டாக் நிறுவனம் பண்ணினதையும் சேர்த்துப் போட்டுத்தான் குடுத்தாங்க. மக அதைத் தொறந்து பார்த்ததே இல்லை. நானும்தான்.

அந்த லீவுலயே அம்மிணி இன்னொரு வேலையும் பண்ணுச்சு. அப்பெல்லாம் நான் போட்டோவை லேப்டாப்புக்குக் கொண்டு வர என்ன பண்ணுவேன்னா, எனக்கு நானே வாட்ஸப் அனுப்பிக்குவேன். தோட்டத்துல சிக்னல் ஒரு கோடு. மூணு போட்டோ போறதுக்குள்ள மாடு கறந்துட்டு வந்துடலாம். அதைப் பார்த்துட்டு சிரிச்சுது. "ரெண்டு சாமானும் ஒரே திண்ணையில இருக்கு, நடுவுல அமெரிக்கா போயிட்டு வரணுமா பெரியப்பா?"

கேடிஇ கனெக்ட்னு ஒண்ணைப் போட்டுக் குடுத்துச்சு. போன்ல ஒரு ஆப், லேப்டாப்புல ஒரு மென்பொருள். ரெண்டும் ஒரே வைஃபையில இருந்தாப் போதும், ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிச்சுக்கும். எங்க சாளையில வைஃபை ஏது, போன்லயே ஹாட்ஸ்பாட் போட்டுக்குவேன். டேட்டா ஒரு துளி செலவாகாது, நெட் இல்லாட்டியும் வேலை செய்யும். மொதல் தடவை மட்டும் ரெண்டு பக்கமும் "சரி"ன்னு அமுக்கிச் சோடி சேர்க்கணும். அதுக்கப்புறம் போட்டோ அனுப்பலாம். போன்ல காப்பி பண்ணினதை லேப்டாப்புல ஒட்டலாம். போனை மவுசு மாதிரி தடவலாம். போனை எங்கயோ வெச்சுட்டுத் தேடினா லேப்டாப்புல இருந்து அலற விடலாம். வைக்கப்போருக்குள்ள இருந்து ரெண்டு தடவை அப்படி எடுத்திருக்கேன்.

"இது எவ்வளவு கண்ணு?"ன்னு கேட்டேன். காசு இல்லைன்னுச்சு. விளம்பரமும் இல்லை. அப்புறம் அவங்களுக்கு என்ன லாபம்னு கேட்டேன், விவசாயி கேக்கற கேள்விதானே அது. 2013ல கூகுள் நடத்தற மாணவர் கோடைத் திட்டத்துல ஆல்பர்ட் வாக்காங்கற பையன் ஆரம்பிச்சது, கேடிஇங்கற கூட்டம் 1996ல இருந்தே இப்படிப் பண்ணிட்டு இருக்காங்க, எழுதின நிரல் பூராவும் யார் வேணா தொறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தி அடுத்தவனுக்குக் குடுத்தா அந்தத் திருத்தத்தையும் தொறந்துதான் குடுக்கணும், அதுதான் உரிமத்துல இருக்கற கட்டுன்னு வெளக்குச்சு. எனக்கு விதை மஞ்சள் ஞாபகம் வந்துச்சு. எங்க ஊர்ல விதை மஞ்சள் கேட்டு வந்தவனை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. வாங்கிட்டுப் போனவன் அடுத்த வருசம் இன்னொருத்தனுக்குக் குடுப்பான். சரின்னு அதுக்கு மேல கேக்கலை.

லீவு முடிஞ்சு கெளம்பற அன்னைக்கு இன்னொண்ணும் போட்டுச்சு. ஸ்க்ர்-சி-பி. எழுத்தைக் கூட்டினா வாயில நுழையாத பேரு, உயிரெழுத்தே இல்லை. ஸ்கிரீன் காப்பிங்கறதைச் சுருக்கினதாம். பிரான்ஸ்ல ஜெனிமொபைல்னு ஒரு கம்பெனி, அங்க ரொமான் விமோன்னு ஒருத்தர் எழுதி 2018ல வெளியிட்டது. இதுவும் இலவசம், இதுவும் நிரல் தொறந்து கெடக்கும். போனை வயர்ல சொருகி இதை ஓட்டினா, போன் கண்ணாடியில தெரியறது அப்படியே லேப்டாப்புல தெரியும். மவுசால அமுக்கினா போன்ல அமுக்கின மாதிரி. போன்ல எந்த ஆப்பும் போட வேண்டியதில்லை.

ஆனா அதுக்குப் போன்ல ஒரு கதவைத் தொறக்கணும். செட்டிங்ஸ்ல "பில்டு நம்பர்"னு இருக்கும், அதை ஏழு தடவை தட்டணும். தட்டினா "நீங்க இப்ப டெவலப்பர்"னு ஒரு வரி வரும். எஸ்எஸ்எல்சியோட நின்னவனை ஏழு தட்டுல டெவலப்பர் ஆக்கின ஒரே எடம் அதுதான். அப்புறம் உள்ள போயி "யுஎஸ்பி டீபக்கிங்"கைப் போடணும். லேப்டாப்புல சொருகினா "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?"ன்னு போன் கேக்கும், "எப்பவும்"னு டிக் போட்டு ஒத்துக்கணும். அம்மிணி எல்லாம் பண்ணிட்டு, "உங்களுக்குப் பெரிய எழுத்துல தெரியட்டும்னுதான் பெரியப்பா"ன்னுச்சு. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், மறந்துட்டேன்.

போறப்ப இன்னொரு வார்த்தையும் சொல்லுச்சு. "ஆயாவோட ஆடியோவையெல்லாம் கேடிஇ கனெக்ட்ல லேப்டாப்புக்கு அனுப்பி வெச்சுடுங்க பெரியப்பா." சரி கண்ணு, நாளைக்குன்னேன். அந்த நாளை ஒரு வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு. போட்டோ மட்டும் அனுப்புவேன், அன்னைக்கு எழுதத் தேவைப்படறதை.

சம்சாரத்தோட பட்டன் போன்ல அம்மிணியைக் கூப்பிட்டேன். ராத்திரி எட்டரை மணி. மொதக் கேள்வியே, "அலாரம் அடிக்குதா?" அடிக்குதுன்னேன். "அப்ப போனுக்கு உசிர் இருக்கு. கண்ணுதான் போயிருக்கு."

கேடிஇ கனெக்ட்ல எடுக்க முடியாதான்னு கேட்டேன். ஹாட்ஸ்பாட்டைப் போடக் கண்ணாடி வேணுமே, முடியாதுன்னுச்சு. வயர் ஒண்ணுதான் வழி. "பெரியப்பா, அன்னைக்கு நம்பலாமான்னு கேட்டப்ப டிக் போட்டோம்ல, அந்த டிக் இருந்தா எடுத்துடலாம்." இல்லாட்டி? அதுக்கு அது பதில் சொல்லலை.

மொதல்ல வயர் பிரச்சினை. சார்ஜ் மட்டும் ஏத்தற வயர்னு தனியா இருக்குதாமா. நல்ல வயருக்குள்ள நாலு கம்பி, ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு தகவலுக்கு. மலிவு வயர்ல தகவல் கம்பி ரெண்டும் இருக்காது. வெளிய பார்த்தா வித்தியாசமே தெரியாது. நான் மொதல்ல சொருகினது அந்த ஜாதி. ரெண்டாவது வயரை எடுத்து லேப்டாப்போட பின்பக்கம் சொருகினேன். கருப்புத் திரை ஒண்ணைத் தொறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல, ஒத்தை விரல்ல அடிச்சேன். மொதல்ல, போன் தெரியுதான்னு பார்க்க ஒரு வரி. அதுல கடைசியில "டிவைஸ்"னு வந்தா நல்லது, "அன்ஆதரைஸ்டு"ன்னு வந்தா முடிஞ்சுதுன்னு முன்னாடியே சொல்லிருச்சு.

"டிவைஸ்"னு வந்துச்சு.

அடுத்து எஸ் சி ஆர் சி பி ஒய். என்டர் தட்டினேன். ஒரு ஜன்னல் தொறந்துச்சு. கருப்பா இருந்துச்சு. "வலது பக்கம் கிளிக் பண்ணுங்க, போன் தூங்கிட்டு இருக்கும்"னுச்சு. பண்ணினேன். என்ற பழைய போன், விரிசல் இல்லாம, கன்னு தட்டறதுக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி, லேப்டாப்புக்குள்ள முழிச்சுப் பார்த்துச்சு. பின்னால மாரியம்மன் படம். மூணு நாளா வந்த மிஸ்டு கால் எல்லாம் வரிசையா.

மவுசைப் பிடிச்சு பேட்டர்ன் போடறது லேசில்லை. கை நடுங்குது வேற. ரெண்டு தடவை தப்பு. "அஞ்சு தப்புப் போட்டா அரை நிமிசம் நிக்க வெக்கும், பதறாதீங்க"ன்னு அந்தப் பக்கம் அம்மிணி. மூணாவது தடவை தொறந்துச்சு.

மேலருந்து இழுத்து "பைல் டிரான்ஸ்பர்"னு அமுக்கினேன். அமுக்கின கையோட ஜன்னலே மூடிக்கிச்சு. போனும் போச்சு, படமும் போச்சு. எனக்குப் பேச்சு வரலை. "பெரியப்பா? பெரியப்பா? ஜன்னல் மூடிருச்சா? அது அப்படித்தான், வயர் ஒரு தடவை விட்டுப் பிடிக்கும். கோப்புகள் இருக்கற எடத்தைத் தொறந்து பாருங்க." தொறந்தேன். முன்ன காலியா இருந்த அதே எடத்துல இப்ப வரிசையா மஞ்சக் கூடுங்க. "ரெக்கார்டிங்ஸ்"னு ஒரு கூடு. உள்ள நாப்பத்தியேழு.

இப்ப பயம் கரண்ட் மேல திரும்பிருச்சு. லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இல்லையே. எங்க ஊர் கரண்டோட கொணம் உங்களுக்குத் தெரியும், பலதடவை எழுதியிருக்கேன். நாப்பத்தியேழையும் தெரிவு செஞ்சு, இழுத்து, லேப்டாப்புல விட்டேன். பச்சைக் கோடு நகருது. சம்சாரம் சாமி படத்தைப் பார்த்துட்டு நிக்குது, நான் பல்பைப் பார்த்துட்டு நிக்கறேன். ஒரு டம்ளர் காப்பி ஆறற நேரம்கூட ஆகலை. முடிஞ்சுது. உடனே ஒரு பென்டிரைவுல ஒரு படி. அடுத்த நாள் திருப்பூருக்கு மகளுக்கு இன்னொரு படி.

இதை எழுதறதுக்கு இன்னொரு காரணமும் இருக்குங்க. நகரத்துல இருக்கற உங்க போன்லயும் யாரோ ஒருத்தரோட குரல் இருக்கும். கண்ணாடி ஒடைஞ்சதுக்கு அப்புறம் அந்தக் கதவைத் தொறக்க முடியாது, ஏழு தடவை தட்டறதுக்கே கண்ணாடி வேணும். என்ற கதை பலிச்சது அம்மிணி முன்னாடியே தொறந்து வெச்சதாலதான். ஆனா தொறந்த கதவு தொறந்த கதவுதான். கண்ட எடத்துல, பஸ் ஸ்டாண்டுல, அடுத்தவர் கம்ப்யூட்டர்ல சார்ஜுக்குச் சொருகறப்ப "நம்பலாமா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிருங்க. புது போன்கள்ல அந்த நம்பிக்கை ஒரு வாரம் சொருகாம விட்டா தானா காலாவதி ஆயிருமாம், அதையும் கவனிக்கணும். படம் தெரிஞ்சு தொடறது மட்டும் வேலை செய்யலைன்னா இதெல்லாம் வேண்டாம், ஓடிஜின்னு ஒரு சின்ன வயர் கடையில கெடைக்கும், அதுல சாதா மவுசை மாட்டினாலே அம்புக்குறி வரும். எல்லாத்துக்கும் மேல, வாராவாரம் எடுத்து வேற எடத்துல வெச்சா இந்தக் கூத்தே இல்லை. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைன்னும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் ஆத்தாளைத் திண்ணையில உக்கார வெச்சு, லேப்டாப்பைப் பக்கத்துல வெச்சு, ஒண்ணைப் போட்டேன். போடலாமா வேண்டாமான்னு ராத்திரி பூரா யோசனைதான். பேச்சு போன மனுசிக்கு அவ பேச்சையே போட்டுக் காட்டறது நல்லதா கெட்டதா, யாரைக் கேக்கறது.

மொதல் பத்து நிமிசம் மோட்டார் சத்தம்தான். பக்கத்துல மோட்டார் ஓடிட்டு இருந்தது அப்ப என்ற காதுல விழுகலை, போன் அதைத்தான் நல்லா கேட்டிருக்கு. பாதிக்குப் பாதி ரெக்கார்டு அப்படித்தான் இருக்குங்க. ஆத்தா குரல் பின்னால எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. மோட்டார் நின்னதும் சட்டுனு பக்கத்துல வந்துச்சு, அதே வெத்தலை ஒரல் சத்தத்தோட.

ஆத்தா லேப்டாப்பைப் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. மறுபடியும் லேப்டாப்பை.

அதுல அந்த நேரம் பார்த்து என்ன வரணும், "எம் மருமகளுக்கு உப்புப் போடறதுன்னா நகையை அடகு வெக்கற மாதிரி, கையே வராது"ன்னு. சம்சாரம் கரண்டியோட வாசப்படியில நிக்கறா. "ஓ, அப்படிங்களா அத்தை?" ஆத்தாளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. கோணின வாயோட, ஒரு பக்கமாத்தான். ஐப்பசிக்கு அப்புறம் நான் பார்த்த மொதச் சிரிப்பு. சம்சாரம் அன்னைக்கு ராத்திரி ரசத்துல அள்ளிப் போட்டுட்டா, அது வேற கதை.

அடுத்தது கவலை ஓட்டின காளைங்களைப் பத்தினது. எங்க அப்பாரு காலத்துல நாலு காளை. "ஒண்ணு மயிலை, பூங்குட்டியாட்டம் இருக்கும். ஒண்ணு செவலை, அது முட்டும். இன்னொண்ணு பிள்ளை. நாலாவது... அட, பேரு நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது. நாளைக்குச் சொல்றேன் சாமி"ன்னு ஆத்தா குரல் சொல்லுது. நாளைக்கு நான் கேக்கலை. மஞ்சளுக்குக் களை எடுக்க ஆள் வந்திருந்தாங்க.

நிறுத்தலாம்னு கை எடுத்தேன். ஆத்தா இடது கையால என்ற மணிக்கட்டைப் பிடிச்சுது. பக்கத்துல கெடந்த ஒடைஞ்ச போனை எடுத்துக் கருப்புக் கண்ணாடியைக் காட்டுச்சு. காரியா ஆத்தான்னு கேட்டேன். ஆமாங்கற மாதிரியும் இல்லைங்கற மாதிரியும் ஒரு ஆட்டு. அப்புறம் நெத்தியில இருக்கற திருநீறைத் தொட்டு, மறுபடி போனைத் தொட்டுச்சு.

"காரி... நெத்தியில வெள்ளையா? சுட்டியா ஆத்தா? சுட்டின்னு பேரா?"

தலையை ரெண்டு மூணு தடவை ஆட்டிட்டு, போனை மடியில வெச்சுக்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் குடுக்கலை. நாலரைக்கு வெச்ச அலாரம் அங்கிருந்தே அடிச்சா என்ன பண்றதுன்னு சம்சாரம் கேட்டா. அது காலை நாலரைடின்னேன்.